கப்பலேறி வரும் குப்பை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு காயலான் கடையாவது கண்ணில் படும். வாசலில் தராசு, பழைய பேப்பர் கட்டு, நசுங்கிய அலுமினியக் குண்டான், துருப்பிடித்த சைக்கிள். நமக்கு வேண்டாத சாமான் அங்கே எடைக்குப் போய்க் காசாகிறது. பிறகு பேப்பர் காகித ஆலைக்குப் போகும், இரும்பு உருக்கு ஆலைக்குப் போகும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் லேத்தில் சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலுக்குக்கூட விலை உண்டு.

இதே வியாபாரம் நாடுகளுக்கு நடுவிலும் நடக்கிறது. நம் நாட்டு ஆலைகள் வெளிநாட்டிலிருந்து பழைய காகிதமும் பழைய இரும்பும் வாங்குகின்றன. இதில் தப்பு ஒன்றும் இல்லை. புதிதாக மரம் வெட்டுவதும் புதிதாகச் சுரங்கம் தோண்டுவதும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காயலான் கடைக்காரர் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துத்தான் எடை போடுவார். பேப்பர் கட்டுக்கு நடுவில் செங்கல் வைத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். கடல் கடந்து வரும் 40 அடி நீளக் கன்டெய்னரை யார் அவிழ்த்துப் பார்ப்பது? துறைமுகத்தில் அப்படிப்பட்ட பெட்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. எல்லாவற்றையும் திறக்க முடியாது. பெட்டியோடு வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது.

வீட்டுப்பாட நோட்டுக்கு அழகாக அட்டை போட்டு, பெயர் எழுதி, உள்ளே ஒன்றும் எழுதாமல் கொடுக்கும் பிள்ளைகளை நான் முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். குப்பை வியாபாரத்திலும் அந்த வித்தை உண்டு!

1986-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்திலிருந்து ‘கியான் சீ’ என்ற கப்பல் புறப்பட்டது. அதில் இருந்தது, நகரத்துக் குப்பையை எரித்த சாம்பல். ஏறக்குறைய 14,000 டன். அதைக் கொட்ட இடம் தேடி நாடு நாடாகப் போனது. யாரும் விடவில்லை. கடைசியில் ஹைதி என்ற ஏழை நாட்டில், ‘இது உரம்’ என்று சொல்லி ஏறக்குறைய 4,000 டன்னைக் கடற்கரையில் இறக்கிவிட்டது. உண்மை தெரிந்து அந்த அரசு தடுப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. பிறகு பெயரை மாற்றிக்கொண்டு சுற்றியது. மீதிச் சாம்பல் கடலில் மறைந்தது. ஹைதியில் கிடந்த சாம்பலை அமெரிக்காவுக்குத் திருப்பி எடுத்துப் போக 2000-ஆம் ஆண்டு வரை ஆனது.

இப்படிப்பட்ட சம்பவங்களால்தான் 1989 மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் உருவானது. 1992-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இந்தியாவும் சேர்ந்தது. இன்று 190-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் சாரம் எளிமையானது. ஆபத்தான கழிவை இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் முன்னால், அந்த நாட்டு அரசிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமலோ பொய் சொல்லியோ அனுப்பினால், அனுப்பிய நாடு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். பக்கத்தில் இருக்கும் இலங்கையைப் பாருங்கள். 2017-லிருந்து பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு 263 கன்டெய்னர்கள் வந்தன. மறுசுழற்சிக்கான பழைய மெத்தை, கம்பளம் என்று தாளில் எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்கத்துறையினர் சொன்னார்கள். 2019-ல் விஷயம் பெரிதானது. அங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது. 2020-ல் முதல் 21 கன்டெய்னர்கள் திரும்பின. 2022-ல் கடைசித் தொகுதியும் பிரிட்டனுக்கே போய்ச் சேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சரக்கில் 180 டன் அளவுக்கு, இறக்குமதி செய்தவர் இந்தியாவுக்கும் துபாய்க்கும் முன்பே அனுப்பிவிட்டதாக இலங்கை விசாரணையில் தெரிந்தது. அனுப்பியவர் வெளிநாட்டுக்காரர்தான். ஆனால் வாங்கியவர் உள்ளூர்க்காரர்! வெளிநாட்டுக்காரனை மட்டும் திட்டினால் பாதிக் கதையைத்தான் சொன்னதாக ஆகும்.

சரி, பணக்கார நாடுகள் ஏன் தங்கள் குப்பையைத் தாங்களே பிரிக்கக்கூடாது? அங்கே கூலி அதிகம், சட்டமும் கடுமை. கப்பல் செலவோ குறைவு. ஆசியாவிலிருந்து பொம்மையும் துணியும் டி.வி.யும் ஏற்றிப் போகும் கன்டெய்னர்கள் திரும்பும்போது காலியாகத்தானே வர வேண்டும்? அதில் பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் ஏற்றினால் வாடகை மிகவும் மலிவு. பல ஆண்டுகள் அதில் பெரும்பகுதி சீனாவுக்குப் போனது. 2018 ஜனவரியில் சீனா பல வகைக் கழிவுகளுக்குக் கதவைச் சாத்தியது. உடனே பிளாஸ்டிக் மலேசியா, இந்தோனேசியா என்று வேறு வீடுகளின் கதவைத் தட்டியது. இந்தியா 2019 மார்ச்சில் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்கு முழுத் தடை போட்டது. தரம் பிரிக்காத, அழுக்கான பிளாஸ்டிக்கையும் அனுமதி கேட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்ற திருத்தம் 2021-லும், பழைய கம்ப்யூட்டர், செல்போன் போன்ற எல்லா மின்னணுக் கழிவுக்கும் அதே விதி 2025 ஜனவரியிலும் அமலுக்கு வந்தன.

எல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறது. பணக்கார நாடுகள் மற்ற நாடுகளுக்கு ஆபத்தான கழிவை அனுப்பவே கூடாது என்று 1995-ல் ஒரு திருத்தம் எழுதினார்கள். போதிய நாடுகள் ஒப்புதல் தந்து அது அமலுக்கு வந்தது 2019 டிசம்பரில். இருபத்து நான்கு வருஷம்! அன்று பிறந்த குழந்தை படித்து முடித்து வேலைக்கே போயிருக்கும். அமெரிக்கா 1990-ல் பேசல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஆனால் இன்று வரை ஒப்புதல் தந்து உறுப்பினர் ஆகவில்லை. கையெழுத்துப் போடுவது வகுப்பில் கை தூக்குவது மாதிரி. ஒப்புதல் தருவதுதான் எழுந்து பதில் சொல்வது.

இதுவரை வெளியிலிருந்து வந்த குப்பையைப் பார்த்தோம். நம் கொடைக்கானலில் நடந்தது வேறு மாதிரி. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு வந்தது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த தெர்மாமீட்டர்களும் வெளிநாட்டுக்கே போயின. இங்கே தங்கியது கழிவு மட்டும். பாதரசம் சாதாரணமானது அல்ல. பார்க்க வெள்ளி உருண்டை மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அறையின் சூட்டிலேயே கண்ணுக்குத் தெரியாத ஆவியாகி மூச்சில் கலக்கும். நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

2001 மார்ச்சில் ஊரின் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. அமெரிக்காதான் ஒப்பந்தத்தில் உறுப்பினர் இல்லையே, பிறகு எப்படித் திருப்பி அனுப்புவது? ஊர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் விடாமல் கேட்டார்கள். 2003 மே மாதம், ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி, பென்சில்வேனியாவில் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஓர் ஆலைக்குப் போனது.

தொழிலாளர்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஆலையால் உடல்நலம் கெடவில்லை என்று நிறுவனம் சொல்லிவந்தது. 2016 மார்ச்சில்தான் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாட்டுக்கு வந்தது.

மண்ணில் கலந்த பாதரசத்தை மட்டும் கப்பலில் ஏற்ற முடியவில்லை. சுத்தம் செய்த பிறகு ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை மிச்சம் இருக்கலாம் என்றது ஒரு தரப்பு. பணக்கார நாட்டில் குடியிருப்புப் பகுதி என்றால் இவ்வளவு மிச்சம் வைக்க விடுவார்களா என்று கேட்டது மறு தரப்பு. அந்தச் சண்டை பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.