காஞ்சியின் புத்த விகாரங்கள் எங்கே போயின?

காஞ்சிபுரம் என்றால் பட்டு, அடுத்தது கோயில். முசரவாக்கத்திலிருந்து காஞ்சிக்குப் படிக்க வரும் மாணவனைக் கேட்டாலும் ஏகாம்பரநாதர், வரதராஜர், காமாட்சி என்று வரிசையாகச் சொல்லிவிடுவான். இதே ஊரில் நூற்றுக்கு மேல் புத்த மடங்கள் இருந்தன என்றால் நம்புவானா?

அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார் யுவான் சுவாங். 7-ம் நூற்றாண்டில் வந்த அந்தச் சீனப் பயணி, இங்கே 10,000 பிக்குகள் இருந்ததாகவும், நகரின் தெற்கே அசோகர் கட்டிய நூறடி உயர ஸ்தூபம் நின்றதாகவும் சொல்கிறார். எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். ஆனால் அவருடைய ஆசிரியர் சீலபத்திரர். அவருக்குக் குரு, நாலந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர். அந்தத் தர்மபாலர் பிறந்தது காஞ்சியில்!

'ஏழாம் அறிவு' (2011) படத்துக்குப் பிறகு போதிதர்மரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய சீனக் குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று மட்டுமே சொல்கிறது. காஞ்சி என்பது பிற்கால வழக்கு. உறுதியான சான்று உள்ள தர்மபாலரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 'மத்தவிலாசப் பிரகசனம்' நாடகத்திலும் காஞ்சியின் ராஜவிகாரம் வருகிறது. காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கிண்ணத்தைப் பிக்கு திருடிவிட்டதாகச் சண்டை போடுகிறான். கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிப் போனது ஒரு நாய்! ராஜா கேலி செய்யும் அளவுக்குப் பிக்குகள் ஊரில் செல்வாக்கோடு இருந்திருக்கிறார்கள்.

சைவம் எழுந்ததும் பௌத்தம் ஒரே அடியாகத் துடைக்கப்பட்டது என்பது பலரும் சொல்லும் கதை. இது சரியல்ல. 1365-ல் ஜாவாவில் எழுதப்பட்ட 'நாகரகிருதாகம'த்தில் காஞ்சியில் வாழ்ந்த புத்தாதித்யர் என்ற பிக்குவின் பெயர் வருகிறது. அப்பர் காலத்துக்கு 700 ஆண்டுகள் கழித்தும் இங்கே பிக்கு இருந்திருக்கிறார். ஆதரவு குறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறைந்திருக்க வேண்டும்.

1915-ல் து. அ. கோபிநாத ராவ் காஞ்சியில் புத்தர் சிலைகளைத் தேடிக் கண்டு எழுதினார். காமாட்சி கோயிலில் இருந்த ஆளுயரத்தை மிஞ்சிய புத்தர் பிறகு சென்னை அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தார். இதை வைத்து 'கோயில் யாருடையது' என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் என்ன லாபம்? கருக்கினில் அமர்ந்த அம்மன் கோயிலில் இன்னும் புத்தர் சிலைகள் உண்டு. எந்த நூற்றாண்டு, எங்கே கிடைத்தது என்று தமிழில் ஒரு பலகை எழுதி வைத்தால், அம்மனைக் கும்பிட வருகிறவர்கள் அப்படியே இவரையும் யாரென்று தெரிந்துகொண்டு போவார்கள்.