எட்டால் வகுத்தால் போதுமா?

கல்பாக்கத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை, தானே நீடிக்கும் அணுப்பிளவுத் தொடர்வினையை முதன்முதலாக எட்டிய 1985ஆம் ஆண்டில், மேசைக் கணினிகளின் வன்தட்டுகள் பெரும்பாலும் எஸ்டி-506 என்ற இடைமுகத்தின் வழியே இணைக்கப்பட்டிருந்தன. வன்தட்டையும் கணினியையும் சேர்க்கும் கம்பியும், அதில் தரவு செல்வதற்கான விதிகளும் அடங்கியதே இடைமுகம். அதன் பின் ஸ்கசி, ஐடிஇ, சாட்டா என ஒன்றன்பின் ஒன்றாகப் பல வந்துவிட்டன. இவற்றைவிட நீண்ட ஆயுள் கொண்ட ஆய்வு நிலையங்களும், சிறுசேரியில் உள்ளவை போன்ற தரவு மையங்களும் பழைய தட்டில் உள்ளதைப் புதியதற்கு மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட வேண்டியிருக்கும்போது, வழக்கமாக ஒரு விடை சொல்லப்படுகிறது: எல்லா வேகங்களும் பிட்டிலோ பைட்டிலோதான் உள்ளன, எட்டு பிட் ஒரு பைட், ஆகவே எட்டால் வகுத்தால் போதும்.

செங்கல்பட்டுப் பகுதியின் நிலக் கணக்குக்கு இத்தகைய முறை பொருந்தும். ஒரு காணி 24 மனை, ஒரு மனை 2,400 சதுர அடி என்பதால், 57,600 சதுர அடி கொண்ட காணி எப்போதும் ஏறத்தாழ 1.32 ஏக்கர்தான், இரண்டும் பரப்பையே அளக்கின்றன. இடைமுகங்களின் எண்களோ ஒரே பொருளை அளப்பவை அல்ல என்பதால், அக்கூற்று நான்கு இடங்களில் தவறுகிறது.

முதலாவதாக, கம்பியில் ஓடும் பிட்டுகள் அனைத்தும் பயனரின் தரவு அல்ல. எஸ்டி-506இன் வேகம் நொடிக்கு 50 லட்சம் பிட். எட்டால் வகுத்தால் 6,25,000 பைட். ஆனால் நிமிடத்துக்கு 3,600 முறை, அதாவது நொடிக்கு 60 முறை சுழலும் அத்தட்டின் ஒரு தடத்தில் 512 பைட் கொண்ட 17 பிரிவுகளே இருந்ததால், தலை நகராமல் படித்தாலும் நொடிக்கு 5,22,240 பைட்டுக்கு மேல் கிடைக்காது. எஞ்சியவை முகவரிக் குறிகளுக்கும் இடைவெளிகளுக்கும் செலவாயின. கட்டுப்படுத்தி தொடர்ந்து படிக்க இயலாமல், பிரிவுகள் மூன்றுக்கு ஒன்றென இடைவிட்டு அடுக்கப்பட்டிருந்தால், அதுவும் 1,74,080ஆகச் சுருங்கும்.

இரண்டாவதாக, வகுக்கும் எண் குறியீட்டு முறையைப் பொறுத்தது. 2003இல் வெளியான சாட்டாவின் முதல் தலைமுறை நொடிக்கு 1.5 கிகாபிட் வேகம் கொண்டது. எட்டால் வகுப்பவர் 187.5 மெகாபைட் என்பார். பெறும் முனை நேர ஒத்திசைவை இழக்காதிருக்க, ஒவ்வொரு எட்டு பிட் தரவும் பத்து பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால், இங்கே வகுக்க வேண்டியது பத்தால். விடை 150 மெகாபைட். அதற்காகப் பத்தையும் பொதுவிதி ஆக்கிவிட முடியாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை 128 பிட்டை 130ஆக அனுப்புகிறது, யூஎஸ்பி 2.0 இத்தகைய குறியீட்டையே கையாளாவிட்டாலும், அதன் 480 மெகாபிட் ஓட்டத்தில் ஒரு பகுதியை நெறிமுறைத் தலைப்புகள் எடுத்துக்கொள்கின்றன.

மூன்றாவதாக, மெகாஹெர்ட்ஸ் தரவு வேகத்தின் அலகே அன்று. இணைக் கம்பிகளில் ஓடும் ஸ்கசியில், ஒரே நேரத்தில் எத்தனை பிட் செல்கின்றன என்பதும், கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு எத்தனை முறை தரவு மாறுகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். 16 பிட் அகலமுள்ள அல்ட்ரா-2, அல்ட்ரா-160 ஆகிய இரண்டும் 40 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் கொண்டவை. முன்னது துடிப்புக்கு ஒருமுறையும் பின்னது துடிப்பின் ஏற்றம், இறக்கம் இரண்டிலும் தரவு அனுப்புவதால், முறையே 80, 160 மெகாபைட் கிடைக்கின்றன. அந்த வேகத்தையும் ஒரே கம்பித் தொடரில் உள்ள எல்லாத் தட்டுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன.

நான்காவதாக, முன்னொட்டுகளும் நிலையான பொருள் உடையவை அல்ல. குறுந்தட்டின் ஒருமடங்கு வேகமான 150 கிலோபைட்டில் கிலோ 1,024. சாட்டாவின் 150 மெகாபைட்டில் மெகா பத்து லட்சம். 1.44 மெகாபைட் நெகிழ்தட்டில் இரண்டும் கலந்து, 1,440ஐ 1,024ஆல் பெருக்கிய 14,74,560 பைட் உள்ளன. இக்குழப்பம் தீர 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் கிபி, மெபி என்ற தனி முன்னொட்டுகளை வகுத்தது. பழைய ஆவணங்கள் அவற்றை அறியா.

எட்டால் வகுப்பது எங்குமே செல்லாது என்பதல்ல. பிட்டுகள் முழுவதும் தரவாகவே உள்ள இடத்தில் அது சரி. ஆனால் பிழையின்றி மாற்றிய எண்ணும் இடைமுகத்தின் உச்சவரம்பையே காட்டும். தடத்துக்கு 5 லட்சம் பைட் கொண்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு, 150 மெகாபைட் இடைமுகத்தில் இணைந்தாலும் நொடிக்கு 60 மெகாபைட்டுக்கு மேல் தராது. ஆகவே இத்தகைய கணக்கின் விடையைக் குறைந்தபட்ச நேரமாக மட்டுமே எழுதி, தட்டின் ஒரு பகுதியை நகலெடுத்து அளந்த பின்பே பணிக்கான நாளைக் குறிப்பது முறை.