பேரில்லாத படங்களைப் புதிய ரப்பில் ஏற்றாதீர்கள்

"எல்லாம் போனிலை கிடக்குது, ஒண்டும் துலையாது." யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சுக் காதில் விழுகிறது. ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை அம்மம்மாவுக்குப் புதிய ரப் ஒன்று கொண்டுவரும். பழைய போனையும் புதிய ரப்பையும் பக்கத்தில் வைத்து, திரை கேட்கும் கேள்விக்கெல்லாம் சம்மதம் கொடுத்து, ஒரு பின்னேரத்துக்குள் படம், வீடியோ, குரற்பதிவு எல்லாவற்றையும் மாற்றிவிடும். பழைய போன் வெறுமையாக்கப்பட்டு அயலில் யாருக்காவது போய்ச் சேரும். இனிப் பயமில்லை என்று வீட்டார் ஆறுதலாக இருப்பார்கள்.

அந்த ஆறுதல் பொய்யானது. ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் ஒரு தலைமுறையின் முகங்களைக் கறையானும் உப்புக்காற்றும் தின்று முடித்தது போக மிஞ்சியதை இந்தப் பொய் ஆறுதல் தின்றுகொண்டிருக்கிறது.

தீவகத்தார் இதை நம்புவதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரே இடத்தில் வைத்ததை ஒரே நாளில் இழப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபோதும், 1991 ஒக்ரோபரில் புங்குடுதீவை நோக்கி நகர்ந்தபோதும் சனம் கையில் அகப்பட்டதோடு ஊரைவிட்டது. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, தாலிக்கொடி: பைக்குள் போனது இவ்வளவுதான். அல்பம் பாரம். கறுத்த மட்டைத் தாளில் மூலை ஒட்டி, இடையிடையே எண்ணெய்த்தாள் போட்ட அந்தத் தடித்த அல்பங்கள் அலுமாரிக்குள் தங்கிவிட்டன. பிறகு கூரையும் கதவும் கழன்ற வீடுகளில் மழை அவற்றை ஊறவைத்தது. வலிகாமத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கொஞ்சமும் 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் இரண்டாந்தரம் கைவிடப்பட்டது.

இன்று ஒரு தீவக வீட்டுச் சுவரில் 1980க்கு முந்திய கலியாணப் படம் தொங்கினால், அது எப்படித் தப்பியது என்று விசாரித்துப் பாருங்கள். அநேகமாக அது அந்த வீட்டில் இருந்த படமாக இராது. லண்டனுக்குப் போன பெரியப்பாவுக்குக் கடிதத்தோடு அனுப்பிய பிரதி. அல்லது கொழும்பில் வேலைபார்த்த மாமாவின் மேசை லாச்சிக்குள் கிடந்த பிரதி. இன்னொரு வீட்டில் இன்னொன்று இருந்தபடியால் முகம் தப்பியது. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம். அச்சான நூல்களில் பலவற்றை வேறெங்கோ தேடி வாங்க முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துகளும் எரிந்ததுதான் இன்றுவரை ஆறாத புண்.

போனும் ஒரே இடந்தான். "அது கூகிளிலையும் ஏறியிருக்கு" என்று பதில் வரும். அந்தக் கூகிள் கணக்கைத் திறந்தது யார்? போன் வாங்கிய கடையில் நின்ற பொடியன். கடவுச்சொல் அவனுக்கே இன்று நினைவில்லை. கணக்கை மீட்பதற்கு வரும் இலக்கம் எந்தச் சிம்முக்குப் போகும்? மலிவான பொதி கிடைக்கிறது என்று கைவிட்ட பழைய சிம்முக்கு. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அது நிரம்பியதும் படம் ஏறுவது நின்றுவிடும். அதைச் சொல்லும் அறிவித்தல் ஆங்கிலத்தில் வரும். அம்மம்மா அதை விரலால் தள்ளிவிடுவா. சுருக்கிய படங்களைக் கணக்கில்லாமல் வைத்திருக்கும் சலுகையைக் கூகிள் 2021 ஜூன் 1ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. பலர் இன்னமும் அதற்கு முந்திய காலத்து நினைப்பிலேயே இருக்கிறார்கள். இரண்டு வருடம் எவரும் தொடாத கணக்கை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசெம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அம்மம்மா கண்மூடி இரண்டாவது ஆட்டைத் திவசம் வருவதற்குள் எவராவது அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தார்களா? ஓர்குட்டில் அல்பம் அல்பமாக ஏற்றியவர்களுக்கு அது 2014 செப்டெம்பர் 30இல் மூடப்பட்டது ஞாபகம் இருக்கும். மைஸ்பேஸ் தன் பயனர்கள் பன்னிரண்டு வருடம் ஏற்றிய பாடல்களை வழங்கி மாற்றும்போது தொலைத்துவிட்டது என்று 2019இல் வெளிவந்தது. மாற்றும்போது தொலைத்தது என்பதைக் கவனியுங்கள். பெரிய நிறுவனத்துக்கு நேர்ந்தது எங்கள் விறாந்தையில் நேராது என்று எந்தத் துணிவில் இருக்கிறோம்?

புதிய ரப்பில் படம் தெரிகிறது என்பதற்காக அது ரப்பில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பல வேளைகளில் இருப்பது சிறு உரு மட்டும். முழுப் படம் தூரத்துக் கணக்கில் கிடக்கும், தொட்டால்தான் இறங்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற தேசிய மின்வலையமைப்போடு இணையாத தீவுகளில், சிக்னல் வந்து போகும் வீட்டில், தொட்டாலும் இறங்காது. ரப்பில் இடம் காணாது என்று அங்கே ஒரு படத்தை அழித்தால், இணைந்திருக்கும் கணக்கிலும் போனிலும் சேர்த்து அழியும். கூகிள் போட்டோஸின் குப்பைக்கூடையில் அது 60 நாள் கிடக்கும், பிறகு இல்லை. ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி இணைத்திருப்பதைத் தனித்தனிப் பிரதிகள் என்று நம்புவதிலிருந்துதான் இத்தனை இழப்பும் வருகிறது.

வட்ஸ்அப் குடும்பக் குழுவையே அலுமாரியாக நம்பியிருப்பவர்கள் இன்னும் கூடுதலாக இழக்கிறார்கள். வழமைபோல அனுப்பும் படத்தை அது சுருக்குகிறது. எடுத்த நாள் முதலிய உட்குறிப்புகளையும் கழற்றிவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் படம் அப்படியே போகும், ஆனால் அப்படி அனுப்புகிறவர்கள் அரிது. வந்து சேர்ந்த போனில் படத்தின் பெயர் ஐஎம்ஜி-20190412-டபிள்யூஏ0007 என்பதுபோல இருக்கும். 2019 ஏப்ரல் 12 அது போனுக்கு வந்த நாள். சாமத்தியச் சடங்கு நடந்ததோ 1974இல். ரப்புக்கு மாற்றும்போது அந்த நாளும் கழன்று, மாற்றிய நாளே திகதியாக ஏறிவிடுவதுண்டு. கலரியைத் திறந்தால் 1974இன் சடங்குப் பந்தலும் நேற்று வந்த காலை வணக்கப் பூவும் ஒரே நாளில் எடுத்தவையாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

கருவியின் குறைகளை விவரம் தெரிந்த ஒருவர் ஓரளவு திருத்திவிடலாம். பேர் போனால் போனதுதான். பழைய படத்தின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்ரூடியோவின் முத்திரை, திகதி, சிலவேளை 'அன்புத் தங்கைக்கு' என்று பேனையால் எழுதிய ஒரு வரி. போனால் படம் பிடிக்கும் பிள்ளை முன்பக்கத்தை மட்டும் பிடிக்கிறது. கதிரையில் கைவைத்து நிற்கும் பெண் யார்? நெடுந்தீவிலிருந்து நாரந்தனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெரியம்மா. பக்கத்தில் கோட்டுப் போட்டு நிற்பவர்? அவவின் தமையன், கப்பலில் வேலைக்குப் போனவர். பின்னால் தெரியும் பவளக்கல் மதில் எந்த வளவுடையது? அம்மம்மாவைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிமுடிப்பா. அவவைத் தவிர இதைச் சொல்ல அந்த வீட்டில் இன்று எவரும் இல்லை. அவவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே, அவவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆயிரக்கணக்கான படங்களை ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குத் தள்ளுகிறோம். அவ போனபிறகு அந்தப் பெரியம்மா எந்தப் புடைவைக் கடை விளம்பரத்திலும் நிற்கக்கூடிய ஒரு பெண்ணாகிவிடுவா.

எங்கள் முன்னோர் இதில் எங்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஒருவர் செத்தால் அந்தியேட்டியன்று கல்வெட்டு அடித்துக் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். முகப்பில் படம், பிறந்த இறந்த திகதிகள், ஊர், தாய் தகப்பன், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மருமக்கள், பேரர், சில வீடுகளில் நாலைந்து தலைமுறை வம்சாவழி. அதை நூற்றுக்கணக்கில் அச்சிட்டு வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார்கள். முகமும் பேரும் பிரியவில்லை. பிரதி ஒரு வீட்டில் அடங்கவில்லை. ஊரே குடிபெயர்ந்த பிறகும் அந்தப் புத்தகங்கள் ஏதோ ஒரு பெட்டியில் தப்பிக் கிடந்தன. 2005 முதல் ஈழத்துத் தமிழ் எழுத்தாவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தில் இப்படித் தப்பிய நினைவுமலர்கள் ஏராளம். தங்கள் பூட்டனின் பேரை அதில் கண்டுபிடித்த புலம்பெயர் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கல்வெட்டில் இருந்த ஒழுங்கு இன்று எங்கள் கையிலுள்ள விலையுயர்ந்த கருவியில் இல்லை.

கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழின் முதல் அச்சு நூல்களைத் தேடி ஐரோப்பிய நூலகங்களில் அலைந்தவர். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகள் அதன் பக்கங்களை உள்ளபடியே நிழற்பதிப்பாக்கி 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். பேரும் ஆண்டும் குறித்துப் பட்டியலிட்டு வைத்த இடத்தில் அந்த நூல் இருந்தபடியால் தேடிப்போனவருக்கு அது அகப்பட்டது. அகப்பட்டதோடு விடாமல் பல பிரதியாக்கி உலகெங்கும் அனுப்பியதால் இனி அது ஒரு நூலகத்தின் தலைவிதியை நம்பி இல்லை. எங்கள் தீவில் பிறந்த ஒருவர் வாழ்நாள் உழைப்பாகச் செய்த வேலையை, எங்கள் வீட்டளவில் ஒரு கிழமை செய்ய எங்களுக்கு நேரமில்லை என்கிறோம்.

வெறும் பழைய படங்களுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள், கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தை எண்ணிப்பார்க்கவேண்டும். அந்தத் தாய்மாரின் கையில் இருப்பது படம். 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிபட்டு வீடு திரும்பாதவர்களுக்கும், 1985 மே 15 குமுதினிப் படகில் வெட்டப்பட்டவர்களுக்கும் அவர்கள் இருந்தார்கள் என்பதற்குப் படந்தான் சாட்சி. பேரும் ஊரும் திகதியும் கூட நின்றால்தான் அந்தச் சாட்சி பேசும். இதைத் தீவகத்தில் பிறந்த ஒருவருக்கு நான் விளக்கவேண்டியிருப்பதே வேதனை.

கடதாசிப் படமும் அழியுந்தானே என்பது நியாயமான கேள்வி. அழியும். அதனாலேயே போனும் ரப்பும் எனக்குப் பகையல்ல. ஒரு ரூபாய் செலவில்லாமல் நூறு பிரதி எடுக்கலாம் என்பதுபோல ஒரு வசதி எங்கள் முன்னோருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த நாங்கள் ஒரு பிரதியோடு நிற்கிறோம். "இப்ப மாத்திவிடுவம், பிறகு இருந்து பாப்பம்" என்ற சமாதானத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பேரப்பிள்ளை மூன்று கிழமையில் விமானம் ஏறிவிடும். அந்தப் பிறகு வருவதேயில்லை.

ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள். மாற்றும் பொத்தானை அழுத்துவதற்கு முதல் முதியவரோடு இருங்கள். வந்து குவிந்த வாழ்த்துப் படங்களையும் பகிர்ந்த வீடியோக்களையும் முதலில் நீக்குங்கள். குடும்பப் படங்கள் எவ்வளவு குறைவு என்பது அப்போது தெரியும். ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். அவ சொல்வதைக் குரற்பதிவாக எடுங்கள். பேர்களோடு பேச்சும் மிஞ்சும். படத்தின் பெயரை மாற்றுங்கள்: முன்னால் ஆண்டு, பிறகு ஊர், பிறகு ஆட்களின் பேர், இடமிருந்து வலமாக. ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் 1970 அளவில் என்று எழுதினால் போதும். பின்பக்கத்தையும் பிடியுங்கள். பிறகு ரப்பில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் ஹாட் டிஸ்க்கில் ஒன்று, வெளிநாட்டில் ஒன்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறிடத்தில் என்று அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பீற்றர் குரோ பரப்பிய விதி இதுவே. முக்கியமான சிலவற்றை ஸ்ரூடியோவில் அச்சிட்டுப் பின்னால் பென்சிலால் பேர் எழுதுங்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி உறுதிகளோடு வையுங்கள்.

சனசமூக நிலையங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். நயினாதீவு அம்மனின் ஆனித் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரும் நாட்களில் உங்கள் மண்டபத்தில் ஒரு ஸ்கானரும் ஒரு கணினியும் வைத்துப் பின்னேரங்களில் திறந்துவிடுங்கள். படம் கொண்டுவருகிறவர் பேர் சொல்லத் தெரிந்த ஒரு மூத்தவரையும் கூட்டிவரவேண்டும் என்று அறிவியுங்கள். வீட்டார் சம்மதித்தால் ஒரு பிரதி நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் போகட்டும். மூன்று பிரதிகளையும் தனித்தனியே திறந்து பார்த்து, படமும் பேரும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகு பழைய போனை யாருக்கும் கொடுக்கலாம். அதுவரை அதை அழிக்கவேண்டாம்.