பரணியின் பலிக்காட்சியும் கல்லின் சாட்சியும்

கலிங்கத்துப்பரணியின் ‘கோயில் பாடியது’ பகுதியைப் பற்றிய உரைகளில் இரு முடிபுகள் ஆய்வின்றியே வழிவழியாக வந்துகொண்டிருக்கின்றன. வீரர் தம் தலையைத் தாமே அரிந்து காளிக்கு அளிப்பது வெறும் உயர்வு நவிற்சி என்பது ஒன்று. அச்சத்தை மையமாகக் கொண்ட எழுத்து, ஆங்கிலக் கோதிக் புதினங்களின் வழியே தமிழுக்கு வந்தது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே குறையிற் பிறந்தவை. நூலைக் கையிலெடுக்கும் நாம் சிற்பத்தைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

மேலை நாட்டுத் திறனாய்வு இத்தவற்றைச் செய்யவில்லை. ஹோரஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’யில் மூதாதையின் ஓவியம் தன் சட்டத்தை விட்டு இறங்கி நடக்கிறது. தம் மாளிகைக் கூடத்தில் இருந்த, வெண்ணிற உடையில் தீட்டப்பெற்ற ஃபாக்லாந்து பிரபுவின் ஓவியமே அக்காட்சிக்குத் தூண்டுதல் என்பதை 1765ஆம் ஆண்டு மடலொன்றில் அவரே தெரிவித்தார். ஃபியூசெலி 1781இல் தீட்டிய ‘கொடுங்கனவு’ ஓவியத்தில் ஒரு பெண் கட்டிலிலிருந்து தலை தொங்கக் கிடக்கிறாள். 1818இல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ புதினத்தில் எலிசபெத்தின் உடல் கிடக்கும் நிலையை அதனோடு ஒப்பிடுவது அங்கு வழக்கமான ஆய்வு. இந்த அளவுகோலைப் பரணிக்கு நீட்ட மட்டும் நமக்கு ஏன் தயக்கம்?

கல் காட்டும் கணம்

மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் 7ஆம் நூற்றாண்டினது. அதன் கருவறைப் பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். காலடியில் அடியவர் இருவர் மண்டியிட்டுள்ளனர். அவருள் ஒருவன் ஒரு கையால் தன் தலைமயிரைப் பற்றி, மறு கையால் வாளைத் தன் கழுத்தில் வைத்திருக்கிறான். புள்ளமங்கையில் உள்ள 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கோயிலிலும் கொற்றவையின் அருகே தலைப்பலி வீரன் உளன். ஆந்திரத்து மல்லம் ஊரிலுள்ள, பல்லவன் கம்பவர்மன் காலத்துக் கல்வெட்டு, ஒருவன் உடலின் ஒன்பது இடங்களில் தசையை அரிந்து, தலையையும் அறுத்துப் படாரிக்கு வைத்ததைப் பதிவு செய்கிறது. ஆகவே 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடியபோது, இது தமிழ்நிலம் கண்ணாற் கண்டிருந்த காட்சி.

வாள் கழுத்தைத் தொடும் கணத்தில் கல் நின்றுவிடுகிறது. பரணி அங்கிருந்து தொடங்குகிறது. தலை அரியப்படுகிறது, தேவியின் கையைச் சேர்கிறது, சேர்ந்த பின்னும் அவளை வாழ்த்துகிறது. தலையிழந்த உடலோ வணங்கியபடியே நிற்கிறது. இறுதி இரு செயல்கள் மட்டுமே உயர்வு நவிற்சி. அவையும் சிற்பத்தின் வழிபாட்டு நிலையை இறப்புக்கு அப்பால் நீட்டிப்பவையே. அசையா உருவத்தை அசைத்துப் பார்க்கும் இக்கற்பனைதான் வால்போலின் ஓவியத்தையும் நடக்கவைத்தது.

மறுப்பும் விடையும்

இலக்கியமே சிற்பத்திற்கு முந்தியது எனச் சிலர் மறுக்கலாம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் பலியிட்டோர் தலைகள் மரங்களில் தொங்குகின்றன என்பது உண்மையே. ஆயின் அங்குள்ளது செயல் முடிந்தபின் எஞ்சியது. சிற்பத்தில் உள்ளது செயலுக்கு முந்திய கணம். இரண்டிற்கும் இடைப்பட்டதைப் பரணி நிகழ்த்திக் காட்டுகிறது. காரைக்காலம்மையார் தம்மைப் பேயாகப் பாடிய உரு, பின்னர்ச் சோழர் செப்புத்திருமேனியாக வார்க்கப்பட்டதும் ஈண்டு நினையத்தக்கது. கொடுக்கல் வாங்கல் இருவழியும் நடந்துள்ளது. ஒரு வழியை மட்டும் காண்பது ஆய்வாகாது.

செயங்கொண்டார் இன்ன சிற்பத்தைக் கண்டே பாடினார் என்பது இக்கட்டுரையின் துணிபன்று, அதற்குச் சான்றில்லை. பரணிக்குக் கோதிக் எனப் பெயர் சூட்டிப் பெருமை தேடவும் வேண்டா. கோதிக் புதினத்தின் அச்சம் பாழ்மாளிகையிலும் குடும்பப் பழியிலும் வேர்கொண்டது. பரணியின் அச்சம் வழிபாட்டிலும் வெற்றிப் புகழிலும் வேர்கொண்டது. இவ்வேறுபாட்டை உணர்வதற்கும் சிற்பத்தைப் பார்த்தாக வேண்டும்.

நிறைவாக

சிற்பத்தை வரலாற்றுத் துறைக்கும் செய்யுளைத் தமிழ்த்துறைக்கும் பங்கிட்டுக் கொடுத்தது நம் பாடத்திட்டமேயன்றிப் பழந்தமிழர் அல்லர். அந்தமானின் மரைன் ஹில்லில் இருந்து படிக்கும் மாணவர்க்குப் பல்லவர் கோயில் கடலுக்கு அப்பால் உள்ளது. பாடநூலும் அதன் படத்தைக் காட்டாவிடில் பரணி அவர்க்குப் பேய்க்கதையாகவே எஞ்சும். பரணிப் பதிப்புகளில் கொற்றவைச் சிற்பங்களின் ஒளிப்படங்கள் இடம்பெற வேண்டும். இத்தகு தலைப்புகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர்க்குத் தொல்லியல் அறிஞர் ஒருவரும் இணை நெறியாளராக அமைய வேண்டும். அதன்பிறகு உயர்வு நவிற்சி என்று எழுதத் துணிவோர் எழுதட்டும்.