பி.எஃப்.ஜி. கையில இருக்கு, செல் இருக்கா?

டூம் விளையாடினவங்க எல்லாருக்கும் அந்தப் பச்சை வெளிச்சம் தெரியும். பி.எஃப்.ஜி. 9000. 1993-ல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட முதல் டூம்ல வந்து, அதுக்கப்புறம் அந்த வரிசையில திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கிற ஆயுதம். அந்த மூணு எழுத்துக்கு விரிவாக்கம் என்னன்னு இங்க எழுதினா எடிட்டர் வெட்டிடுவார். தெரிஞ்சவங்க சிரிச்சுக்கோங்க.

எங்க ஊர் வாசுதேவநல்லூர். எட்டாவது படிக்கும்போது அப்பா ஒரு பழைய செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் வாங்கிக் கொடுத்தார். அதுல புது கேம் எதுவும் ஓடாது. பழைய டூம் மட்டும் ஜம்முனு ஓடும். மாமா பையன் முதல் நாளே ஐடிகேஎஃப்ஏ-ன்னு ஒரு சீட் கோடு சொல்லிக் கொடுத்தான். டைப் பண்ணினா எல்லா ஆயுதமும், நிறைய குண்டும், சாவியும் கைக்கு வந்துடும். ரெண்டு நாள் பி.எஃப்.ஜி.யாலயே எல்லாரையும் அழிச்சேன். மூணாவது நாள் போரடிச்சு மூடி வச்சுட்டேன்.

சீட் இல்லாம மறுபடி விளையாடினது காலேஜ் வந்த பிறகுதான். அப்பதான் புரிஞ்சுது, அந்தத் துப்பாக்கியோட அழகே அதோட கஞ்சத்தனத்துலதான் இருக்கு.

கணக்கைப் பாருங்க. ஒரு தடவை சுட 40 செல் வேணும். அதிகபட்சம் 300 செல்தான் வச்சுக்க முடியும், அதாவது ஏழு சுடு. பேக்பேக் கிடைச்சா 600, பதினஞ்சு சுடு. பிளாஸ்மா கன்னும் இதே செல்லைத்தான் தின்னும். சும்மா அதுல சுட்டுத் தீர்த்துட்டா, பெரிய ராட்சசன் வரும்போது பி.எஃப்.ஜி. வெறும் இரும்பு.

அது மட்டும் இல்ல. பட்டனை அழுத்தினதும் குண்டு வராது, கிட்டத்தட்ட ஒரு செகண்டு காத்திருக்கணும். பச்சைப் பந்து போய் மோதி, அரை செகண்டு கழிச்சு, நீங்க நிக்கிற இடத்துலேருந்து கண்ணுக்குத் தெரியாத 40 கதிர்கள் 90 டிகிரிக்கு விரியும். கூட்டத்தை அழிக்கிறது பெரும்பாலும் அந்தக் கதிர்கள்தான். அந்த நேரத்துல நீங்க தப்பான இடத்துல நின்னா செல் வேஸ்ட். 2004-ல் வந்த டூம் 3-ல இன்னும் மோசம்: பட்டனை ரொம்ப நேரம் பிடிச்சு வச்சா கையிலேயே வெடிச்சு நீங்களே காலி. 2016 டூம்ல அதுக்குன்னு தனி குண்டு, மூணே மூணு.

ஒவ்வொரு தடவையும் அதைக் கட்டிப்போட்டுத்தான் நம்ம கையில கொடுக்கிறாங்க. அந்தக் கட்டுதான் நம்மள யோசிக்க வைக்குது.

இதெல்லாம் கேம்னு நினைக்காதீங்க. என் வீட்டுக்குப் பக்கத்துலயே இது நடந்திருக்கு. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு செவ்வாய் கிரகத்து நிலா போபோஸ் தெரியும். எங்க ஊர்ல பூலித்தேவரோட மண் கோட்டை இருந்த கதை ஒழுங்கா தெரியாது. தாமதமாத்தான் படிச்சேன்.

1755-ல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க வந்தார். மதிலை உடைக்கிற அளவுக்குப் பெரிய பீரங்கி இல்லை, படைக்குச் சாப்பாடும் பத்தலை. திரும்பிப் போயிட்டார். 1759 கடைசியில யூசுப் கான், அதான் நம்ம மருதநாயகம், வாசுதேவநல்லூர் கோட்டையை முற்றுகையிட்டார். போதுமான பீரங்கியும் மருந்தும் இல்லாம அவரும் கைவிட்டார். 1761-ல் மறுபடி வந்தார். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூணும் விழுந்துச்சு. ஆக, பீரங்கியே வேஸ்ட்னு நான் சொல்ல வரலை.

எனக்குப் பிடிச்சது 1767. கர்னல் கேம்ப்பெல் தலைமையில கும்பினிப் படை அதே வாசுதேவநல்லூர் கோட்டையைச் சுட்டுச்சு. கல் மதில்னா அடியில உடைஞ்சு சரியும். மண் சுவர் குண்டை வாங்கி உள்ளே வச்சுக்கும். ஓட்டை விழுந்தாலும் உள்ளே இருந்தவங்க வைக்கோலையும் பனையையும் வச்சு அடைச்சாங்க, அதுவும் குண்டு விழுந்துக்கிட்டு இருக்கும்போதே. கடைசியில கொட்டுற மழையில படையை ஊடுருவித் தப்பிச்சுப் போனாங்க. கேம்ப்பெல்லே அவங்க துணிச்சலைப் பாராட்டி எழுதினார்.

அங்க கோட்டை விழுந்துச்சு. ஆனா அத்தனை பெரிய படையை அத்தனை நாள் நிறுத்தி வச்சது ஊர்ல கிடைக்கிற வைக்கோல்.

இப்ப நம்ம கதைக்கு வரேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். எங்க டீம் தலைப்பு, எலுமிச்சை இலை நோயைப் போட்டோ பார்த்துக் கண்டுபிடிக்கிறது. முதல் ரிவ்யூவுக்கு இருக்கிறதுலயே பெரிய மாடலாப் பார்த்து எடுத்தோம். ஸ்லைடுல அந்தப் பேரைப் போட்டாலே கெத்துதானே. இலவச ஜிபியு பாதி ட்ரெயினிங்ல கட் ஆயிடும். டேட்டாசெட்டோ இணையத்துல யாரோ எடுத்தது, எங்க ஊர் இலை மாதிரியே இருக்காது. ரிவ்யூல மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "இதுல நீங்க எடுத்த போட்டோ எத்தனை?" பூஜ்யம். நாலு பேரும் தரையைப் பார்த்தோம்.

பி.எஃப்.ஜி. கையில, செல் இல்ல.

பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்ப சித்தப்பா தோப்புல நாலு நாள் இலை இலையா போட்டோ எடுத்தேன். எது சொறி, எது வெறும் சத்துக்குறைவுன்னு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மாடலைச் சின்னதா மாத்திட்டோம். என் லேப்டாப்லயே ஓடுது. இன்னும் தப்பு பண்ணுது. ஆனா எங்க தப்பு பண்ணுதுன்னு எங்களால சொல்ல முடியுது.

ஜூனியர்ஸ்க்கு என் கருத்து இதுதான். தலைப்பு எடுக்கும்போது எந்த மாடல், எந்த டூல்னு கடைசியா கேளுங்க. செல் எங்கேருந்து வரும், எத்தனை தடவை சுட முடியும், சுட்டுட்டு நாம எங்க நிக்கப் போறோம்னு முதல்ல கேளுங்க. ஐடிகேஎஃப்ஏ மாதிரி எல்லாமே ஒரே வரியில கிடைக்கிற காலம் இது. ரெண்டு நாள் ஜாலியா இருக்கும்.

அடுத்த வாரம் ரெண்டாவது ரிவ்யூ. போட்டோ எத்தனைன்னு கேட்டா இந்தத் தடவை பதில் இருக்கு.