எந்த இடத்தில் அளந்த குதிரைத்திறன்?

அறந்தாங்கிப் பக்கம் நடவுக்கு முன் வயலில் சேறு கலக்கும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரைச் சுழற்றுவது டிராக்டரின் பின்புறமுள்ள ஒரு தண்டு. அதை பி.டி.ஓ. என்பார்கள்.

டிராக்டர் வாங்கப் போகும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை எச்.பி.?" என்பதுதான். விளம்பரம் 50 என்கிறது. அது என்ஜினில் அளந்த எண். பற்சக்கரங்களைக் கடந்து பின்தண்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் 42 முதல் 45 வரைதான். ரோட்டவேட்டருக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது எண். வங்கியில் கடன் வாங்குவதோ முதல் எண்ணை நம்பி!

திறனை அளக்கும் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். கார்களுக்கு இதில் பல வகைகள் உண்டு. என்ஜினை மட்டும் மேடையில் பொருத்தி அளக்கலாம். காரையே உருளைகள் மேல் ஏற்றி, சக்கரத்தில் அளக்கலாம்; அப்போது பற்சக்கரங்களிலும் டயரிலும் இழந்தது போக மிச்சமே தெரியும். உருளைகளிலும் இரு வகை. ஒன்றில் நீராலோ மின்காந்தத்தாலோ தடை கொடுத்து, வேகம் மாறாமல் வைத்து அளப்பர். மற்றதில், கனமான உருளை எவ்வளவு விரைவில் வேகம் பிடிக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவர். இங்கே என்ஜினின் ஃபிளைவீலையும் கார்ச் சக்கரங்களையும் வேகமேற்றவே ஒரு பங்கு திறன் செலவாகிவிடும். ஆகவே ஒரே கார், இரண்டு எண்கள்.

போதாக்குறைக்கு வெயில் வேறு. புதுக்கோட்டையின் 40 டிகிரி வெப்பத்தில், 25 டிகிரியில் உள்ளதைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு. என்ஜின் உள்ளிழுக்கும் ஆக்சிஜனும் அவ்வளவு குறையும். இதைத் திருத்திக் கணக்கிட வாய்பாடு உண்டு, அது நியாயமே. ஆனால் பற்சக்கர இழப்பை ஊகித்து, 15 அல்லது 20 விழுக்காடு கூட்டி, "என்ஜின் திறன்" என்று அச்சிட்டுத் தருவதும் உண்டு. இது எனக்கு உடன்பாடில்லை. ஊகத்தை அளவு என்று எழுதலாமா?

அமெரிக்காவில் 1972 வாக்கில் பல கார்களின் குதிரைத்திறன் திடீரெனக் குறைந்தது. குறைந்ததில் பெரும்பகுதிக்குக் காரணம் அளக்கும் முறை. அதுவரை காற்று வடிகட்டி, சைலன்சர் முதலியவற்றைக் கழற்றிவிட்டு அளந்தார்கள். பிறகு அவற்றோடு சேர்த்து அளந்தார்கள். அதே நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தில், விளம்பரத்தை நம்பி டிராக்டர் வாங்கி ஏமாந்த குரோசியர் என்ற விவசாயி சட்டமன்ற உறுப்பினரானார். டிராக்டர்களைச் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்ற சட்டம் 1919இல் அங்கே வந்தது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் சோதனை நிலையம் இருக்கிறது. அதன் அறிக்கைகளில் பின்தண்டுத் திறன் தெளிவாக உள்ளது. அந்த எண்ணை விளம்பரத்திலும் என்ஜின் எண்ணுக்குச் சமமான பெரிய எழுத்தில் போடச் சட்டம் வேண்டும் என்பது என் கருத்து.

நீங்களும் அளந்து பார்க்கலாம். 45 கிலோ எடையுள்ள நீங்கள் 3 மீட்டர் உயர மாடிப்படியை 4 விநாடியில் ஏறினால் உங்கள் திறன் சுமார் 330 வாட். குதிரைத்திறன் என்பது 746 வாட். அதே நீங்கள் 8 கிலோ தண்ணீரை 6 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 8 விநாடியில் இறைத்தால் வருவது 59 வாட்தான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இயற்பியல் ஆசிரியருடன் விவாதியுங்கள்.