பாஸ் பண்ணுங்க பாஸ்!

ஒரு கணக்கு சொல்றேன், சிரிக்காதீங்க. கடந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்த செஸ் வீடியோக்கள் முந்நூறுக்கு மேல. ஆவடியில இருந்து சென்ட்ரல் போற லோக்கல்ல, கேன்டீன் க்யூவுல, மாடல் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரியில்கூட. அதே இரண்டு வருஷத்தில் லிசெஸ்ல என் ரேபிட் ரேட்டிங் 1180ல இருந்து 1210 ஆச்சு. முப்பது பாயிண்ட். பாயிண்ட்டுக்குப் பத்து வீடியோ.

உங்கள்ல பல பேர் கதையும் இதுதான்னு எனக்குத் தெரியும். லாக்டவுன்ல ஸ்ட்ரீம் பார்த்து உள்ளே வந்தவங்க, குகேஷ் ஜெயிச்ச ராத்திரி ஆப் டவுன்லோட் பண்ணவங்க, எல்லாரும் இன்னைக்குக் கிராண்ட்மாஸ்டர் மாதிரி பேசுறோம். "அந்த இடத்துல குதிரையை விட்டிருக்கக் கூடாது மச்சி." ஆடச் சொன்னா, நம்ம ராணி பத்தாவது மூவ்ல போயிடும்.

எனக்குப் புத்தி வந்தது எங்க தெருவில் இருக்கிற ஒரு தாத்தாவால. எச்.வி.எஃப்ல இருந்து ரிட்டயர் ஆனவர். யூடியூப்ல அவர் பார்க்கிறது பழைய பாட்டு மட்டும்தான். செஸ்னா பேப்பர்ல வர்ற புதிர், ஒரு பென்சில், அவ்வளவுதான். போன டிசம்பர்ல அவர்கூட ஆடினேன். நான் ரூக்னு சொல்வேன், அவர் யானைன்னு சொல்வார். கடைசியில போர்டுல மிச்சம் இரண்டு ராஜா, என்னோட ஒரே ஒரு சிப்பாய். என் ராஜாவும் அவர் ராஜாவும் நடுவுல ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர். சிப்பாய் என் ராஜாவுக்கு நேர் பின்னாடி. நகர்த்த வேண்டியது நான்.

ஆப்போசிஷன்! இதைப் பத்தி மட்டும் ஆறு வீடியோ பார்த்திருக்கேன். இரண்டு ராஜாவும் இப்படி நிற்கும்போது யார் நகர்த்தணுமோ அவங்க வழிவிட்டாகணும். அதனால சிப்பாயோட ஒரு மூவை மிச்சம் வெச்சுக்கோ, சரியான நேரத்தில் அதைத் தள்ளினா நகர்த்த வேண்டிய கட்டாயம் எதிராளிக்குப் போயிடும். ஆறு வீடியோவும் இதைத்தான் சொல்லிச்சு, நானும் தலையாட்டினேன். ஆனா அந்த மிச்ச மூவை நாலு மூவ் முன்னாடியே, சும்மா கை அரிச்சு, தள்ளி முடிச்சிருந்தேன். டிரா.

"இது நீ ஜெயிக்க வேண்டியதுப்பா"ன்னார் தாத்தா. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

தெரிஞ்ச விஷயம் கைக்கு ஏன் வரல? 2018ல மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன்னு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பேர் இதைச் சோதிச்சிருக்காங்க. டார்ட் எறியறது, மைக்கேல் ஜாக்சனோட மூன்வாக் மாதிரி வித்தைகளை வீடியோவில் சிலருக்கு ஒரு தடவை காட்டினாங்க, சிலருக்கு இருபது தடவை. இருபது தடவை பார்த்தவங்களுக்கு "என்னால முடியும்"ங்கிற நம்பிக்கை ஜாஸ்தி ஆச்சு. செஞ்சு காட்டச் சொன்னா, ஒரே தடவை பார்த்தவங்களைவிட ஒண்ணும் நல்லா செய்யல. என் முந்நூறு வீடியோவும் ஏத்தினது அந்த நம்பிக்கையைத்தான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை நம்ம ஊர்லயே இருக்கு. எழுபதுகளோட கடைசியில், ரயில்வேயில இருந்த அப்பாவோட வேலைக்காக விஸ்வநாதன் ஆனந்த் குடும்பம் கொஞ்ச காலம் பிலிப்பைன்ஸ்ல, மணிலாவில இருந்தது. அங்க டி.வி.யில் மதியம் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். ஆட்டங்கள் காட்டி, கடைசியில் ஒரு புதிர் கொடுப்பாங்க. அந்த நேரம் ஆனந்த் ஸ்கூல்ல இருப்பார். அதனால அவரோட அம்மா சுசீலா உட்கார்ந்து பார்த்து எல்லாத்தையும் எழுதி வைப்பாங்க. சாயங்காலம் அம்மாவும் பையனும் போர்டு போட்டு விடை கண்டுபிடிச்சு அனுப்புவாங்க. பரிசு புத்தகம். அடிக்கடி ஜெயிச்சதால, கடைசியில் அவங்களே கூப்பிட்டு, "வேணுங்கிற புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கோ, இனிமே விடை மட்டும் அனுப்பாதே"ன்னு சொல்லிட்டாங்களாம். இதை ஆனந்தே பேட்டியில் சொல்லியிருக்கார்.

பின்னாடி அஞ்சு தடவை உலக சாம்பியன் ஆனவர், சின்ன வயசுல அந்த நிகழ்ச்சியில கத்துக்கிட்டது பெரும்பாலும் அதைப் பார்க்காமலேயே! ஸ்கிரீனுக்கும் அவருக்கும் நடுவுல ஒரு அம்மா, ஒரு நோட்டு, அஞ்சாறு மணி நேர இடைவெளி. நாம மூணு செகண்டுக்கு மேல யோசிக்கிறதில்ல. அதுக்குள்ள பச்சை அம்புக்குறி வந்து விடையைக் காட்டிடுது.

பாடியில வளர்ந்த வைஷாலியை வீட்ல செஸ் கிளாஸ்ல சேர்த்த காரணம் என்ன தெரியுமா? டி.வி. பார்க்கிறதைக் குறைக்க. அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் உட்கார்ந்தார். இரண்டு பேருமே கிராண்ட்மாஸ்டர் ஆயிட்டாங்க. அவங்க ஸ்கிரீனை விட்டு செஸ்ஸுக்குப் போனாங்க, நாம செஸ்ஸைச் சாக்கா வெச்சு ஸ்கிரீனுக்கு வந்திருக்கோம். நமக்குப் பக்கத்துல மேல் அயனம்பாக்கத்தில் படிச்ச குகேஷ் 2019ல, 12 வயசுல, கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதுவரைக்கும் அவரோட கோச் விஷ்ணு பிரசன்னா கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே அவரை விடல. தப்போ சரியோ, முதல்ல சொந்தமா யோசிக்கணும். அப்படி உட்கார்ந்த பையன்தான் 2024 டிசம்பர் 12ல சிங்கப்பூர்ல, பதினாலாவது ஆட்டத்தில், டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்தில் வெச்சதும் கண்டுபிடிச்சார். அந்த நேரத்தில் நாம எஞ்சின் பாரைப் பார்த்துதான் கத்தினோம்.

அப்போ வீடியோவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல கோச்சுக்கு மாசாமாசம் ஃபீஸ் கட்டுற வசதி நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் வீட்ல இருக்கு? அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி ஆடிக்கிட்டே, "இங்க ஏன் இந்த மூவ், அது ஏன் இல்ல"ன்னு ஒவ்வொண்ணையும் வாய்விட்டு யோசிச்சுக் காட்டுவார். 2025 அக்டோபர்ல, 29 வயசுல, இறந்துட்டார். அவரோட அந்த வீடியோக்கள் இன்னும் இலவசமா கிடக்கு. அவ்வளவு பெரிய ஆள் நம்ம பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர்றதை, சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கிட்டே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுறோம். தப்பு வீடியோ மேல இல்ல.

நான் மாத்திக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. வீடியோவில் எதிராளி மூவ் வந்ததும் ஸ்பேஸ் பார். என் மூவை நோட்டுல எழுதுவேன், ஏன்னு ஒரு வரி எழுதுவேன், அப்புறம்தான் பிளே. அரை மணி நேர வீடியோ இரண்டு மணி நேரம் ஆகுது, எரிச்சலா இருக்கு. முதல் வீடியோவில் நாற்பது மூவ்ல பதினொண்ணுதான் சரி. அதைவிட அவமானம், சரியா வந்ததிலேயே நாலுக்கு நான் எழுதின காரணம் தப்பு. முந்நூறு வீடியோ பார்த்தும் இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கு.

(என்.பி.டி.இ.எல். லெக்சரை டபுள் ஸ்பீடுல ஓட்டிட்டு "யூனிட் மூணு முடிச்சாச்சு"ன்னு ஸ்டேட்டஸ் போடுறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். யார்னு உங்களுக்கே தெரியும். ஒரு அரியர் வெச்சிருக்கிற உரிமையில் சொல்றேன்.)

ரேட்டிங் ஏறிடுச்சான்னு கேட்பீங்க. இரண்டு மாசத்தில் 1260. போன ஞாயிறு தாத்தாகிட்ட மறுபடி ஆடினேன். இந்தத் தடவை சிப்பாயைத் தள்ளாம வெச்சிருந்தேன், கடைசி வரைக்கும். அவர் வேற பக்கம் யானையை இறக்கிட்டார். 44 மூவ்ல தோத்தேன். முடிஞ்சதும் காயை எல்லாம் எடுத்து வைக்காம, "முப்பத்தொண்ணாவது மூவ்ல என்ன யோசிச்சே, சொல்லு"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இருந்தது.